சீசன் கடைசியில் ஃபெசன்ட் வேட்டை: எந்த சோக், எந்தத் தோட்டா?

மினசோட்டா_முரளி:

அக்டோபரில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) வேட்டைக்கு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ரெட்ஃபீல்ட் பக்கம் போய் வந்தோம். என்னிடம் இருப்பது 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறிது) ஓவர்-அண்டர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல். சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில் வைக்கும் இறுக்கம்) கீழ்க்குழலில் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர், மேல்குழலில் நடுத்தரமான மாடிஃபைடு, 6-ஆம் நம்பர் ஈய ரவை (நம்பர் குறைந்தால் ரவை பெரிது) 1⅛ அவுன்ஸ். நாய் மூக்குக்கு முன்னால் எழும்பிய சேவல்களுக்கு அது தாராளமாகப் போதும். ஜனவரி இரண்டாவது வாரம் மறுபடி போகிறோம், நான்கு பேர். பாதி நாள் தெரிந்தவரின் பண்ணை, பாதி நாள் அரசு நிலம்.

கூட வருகிறவர்களில் ஆளுக்கொரு கட்சி. ஒருவர் மிக இறுக்கமான ஃபுல் சோக் இல்லாமல் வராதே என்கிறார். இன்னொருவர் 4-ஆம் நம்பர் மேக்னம் (கனம் கூடிய தோட்டா) வாங்கச் சொல்கிறார். கடையில் மூன்றரை அங்குலத் தோட்டாவைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், என் துப்பாக்கிக்கு மூன்று அங்குலம்தான் என்றதும் விட்டார்கள். ஜனவரியில் போய்ப் பழகியவர்கள் என்ன போடுகிறீர்கள், ஏன் போடுகிறீர்கள்?

ஹூரான்_அண்ணாச்சி:

முரளி தம்பி, சோக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் ரவை.

ஜனவரி வரை உயிரோடு இருக்கிற சேவல் என்றால் அது மூன்று மாதமாக நாய், ஆள், பிக்கப் கதவுச் சத்தம் எல்லாவற்றுக்கும் தப்பிய சேவல். இறகு முழுதாக வளர்ந்திருக்கும், தோலுக்கடியில் கொழுப்பும் ஏறியிருக்கும். அதைவிட முக்கியம், அது முதுகைக் காட்டித்தான் பறக்கும். பக்கவாட்டில் போகிற பறவையில் தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் திறந்து கிடக்கும். முதுகைக் காட்டிப் போகிற பறவையில் ரவை பின்பக்கத்து இறகு, குடல், இரைப்பை எல்லாவற்றையும் துளைத்துத்தான் உயிர்நிலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சிறகு எலும்பை உடைக்க வேண்டும். 40 கெஜத்தில் 6-ஆம் நம்பர் ரவைக்கு அந்தத் தெம்பு குறைவு. பறவை ஆடும், நான்கு இறகு உதிரும், ஆனால் போய்விடும். எங்கேயோ போய் விழுந்து நரிக்குத்தான் லாபம்.

இப்போது கணக்கு. ஈய ரவை ஒரு அவுன்ஸுக்கு 6-ஆம் நம்பர் சுமார் 225, 5-ஆம் நம்பர் 170, 4-ஆம் நம்பர் 135. அதாவது 1¼ அவுன்ஸ் தோட்டாவில் 5-ஆம் நம்பர் என்றால் 212 ரவை. மாடிஃபைடு சோக்குக்குப் புத்தகக் கணக்கு 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 60 சதவீதம், அப்படியென்றால் வட்டத்தில் 127. 4-ஆம் நம்பருக்கு அதே கணக்கில் 101 தான் வரும். 6-ஆம் நம்பருக்கு 168 வரும், ஆனால் ஒவ்வொன்றும் மெலிந்தது. அதனால்தான் இந்தப் பக்கம் ஆட்கள் சீசன் கடைசிக்கு 5-ஆம் நம்பரில் போய் நிற்கிறார்கள். எண்ணிக்கையும் இருக்கிறது, துளைக்கும் பலமும் இருக்கிறது.

வேகத்துக்காக அலைய வேண்டாம். நொடிக்கு 1300 அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். 1500 அடித் தோட்டா தோளைத்தான் அடிக்கும், 40 கெஜம் போவதற்குள் அந்தக் கூடுதல் வேகத்தில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். ரவை கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், அது முக்கியம். ஆன்டிமணி கூடுதலாகச் சேர்த்த ஈயம், அல்லது செம்பு, நிக்கல் பூச்சு போட்டது. மெத்தென்ற மலிவு ஈயம் குழலுக்குள்ளேயே நசுங்கி, உருண்டை போய்ச் சப்பையாகி, வெளியே வந்ததும் பக்கவாட்டில் சிதறிவிடும். மலிவுத் தோட்டாவைப் போட்டுவிட்டு சோக்கை இறுக்குவதில் அர்த்தமே இல்லை.

பம்ப்கன்_பாலா:

அண்ணாச்சி சொல்வதில் ரவைக் கணக்கு சரி, மாடிஃபைடு என்பதில்தான் உடன்பாடு இல்லை. நான் அயோவாவில் சுடுகிறேன், எங்களுக்கு ஜனவரி 10 அன்று சீசன் முடியும். கடைசி இரண்டு வாரம் சேவல் என்பது தூரத்தில் ஓடுகிற ஒரு புள்ளிதான். பறவை 30 கெஜத்தில் எழும்பினால், நான் சேவலா பெட்டையா என்று பார்த்து, தோளில் வைத்து, விசையை இழுப்பதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து கெஜம் போய்விடும். வேகம் பிடித்துவிட்டால் மணிக்கு 40 மைல், நொடிக்கு 20 கெஜம் ஆகிறது. ஃபுல் சோக், 4-ஆம் நம்பர், 1⅜ அவுன்ஸ். என் பம்ப் துப்பாக்கிக்கு (கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) ஒரே குழல், உங்களைப் போல இரண்டு சோக் வைத்துக்கொள்ளும் சொகுசு கிடையாது, அதனால் கஷ்டமான தூரத்துக்குத்தான் தயாராகப் போவேன். கிட்டத்தில் எழும்பினால் கொஞ்சம் பறக்க விட்டுச் சுடுவேன், அவ்வளவுதான்.

ஹூரான்_அண்ணாச்சி:

பறக்க விட்டுச் சுடுவது எழுத எளிது. கேட்டெயில் (சதுப்புநிலக் கோரை) புதருக்குள் இடுப்பளவு தண்டுகளுக்கு நடுவில் காலடியில் சேவல் கத்திக்கொண்டு எழும்பும்போது அந்தப் பொறுமை யாருக்கு வரும்? 20 கெஜத்தில் ஃபுல் சோக்கின் பரவல் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பட்டால் நெஞ்சுக்கறி கூழாகிவிடும், படாவிட்டால் மொத்தமாகப் படாது.

இன்னொன்று, தூரத்தை நம் ஆட்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். பனி மூடிய வெட்டவெளியில் பறவை சின்னதாகத் தெரியும். ஒருவர் "ஐம்பது கெஜம்" என்று அடித்துச் சொன்ன இடத்தை ரேஞ்ச்ஃபைண்டரில் (தூரம் அளக்கும் கருவி) பார்த்தால் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று வரும். உண்மையான ஐம்பது கெஜத்தில் என்ன சோக் போட்டாலும் சுடக் கூடாது என்பது என் கட்சி. 45 தான் எல்லை, அதுவும் நல்ல நாய் கூட இருந்தால். சிறகு மட்டும் உடைந்து விழுந்த சேவல் தரையில் ஓட ஆரம்பித்தால் மனிதன் பிடிக்க முடியாது.

சிவகாமி_கே:

இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசவே இல்லை. நான் நெப்ராஸ்காவில் ஸ்பிரிங்கர் நாய் வைத்துச் சுடுகிறேன். ஒரே புதர், ஒரே வாரம், ஆனால் இரண்டு நாளில் இரண்டு விதமாக இருக்கும். வறண்ட குளிர், பழைய பனி மேலே உறைந்து காலடியில் நொறுங்குகிறது, காற்றே இல்லை என்றால் நீங்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே கடைசிப் பறவை மறுமுனையில் எழும்பிவிடும். அன்று பாலா அண்ணன் சொல்வது பொருந்தும். ஆனால் ராத்திரி எட்டு அங்குலம் புதுப்பனி விழுந்து, காலையில் காற்றும் அடிக்கிறது என்றால் அதே சேவல்கள் புதருக்குள் பனிக்குடை மாதிரி வளைந்த புல்லுக்கு அடியில் உட்கார்ந்து அசையவே மாட்டேன் என்று இருக்கும். என் நாய் அப்படி ஒன்றின் வாலை வாயில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அன்று இம்ப்ரூவ்டு சிலிண்டர்தான் வேண்டும், ஃபுல் வைத்திருந்தால் வீட்டுக்குக் கொண்டு வர ஒன்றும் மிஞ்சாது.

முரளி, உங்களிடம் சோக் மாற்றலாம். காலையில் முதல் புதரை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சோக் சாவியையும் நான்கு சோக் ட்யூப்களையும் (குழல் வாயில் திருகும் சிறு குழாய்கள்) ஜாக்கெட் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றும்போது குழல் இரண்டும் காலியா என்று பார்ப்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ட்யூப் வாயில் இருக்கும் வெட்டுகளை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள், ஒரு வெட்டு ஃபுல், மூன்று மாடிஃபைடு, நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர், பல கம்பெனிகளில் இதே வழக்கம்தான். கையுறையோடு அந்தக் குளிரில் பொடி எழுத்தைப் படிக்க முடியாது.

அப்புறம், நான் 20 கேஜ்தான். 1 அவுன்ஸ் 5-ஆம் நம்பர், மாடிஃபைடு. 35 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை. நாய் முன்னால் வேலை செய்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் 10 கேஜ் வைத்திருந்தாலும் போதாது.

வேளச்சேரி_டு_விச்சிட்டா:

கான்ஸாஸில் ஒரு நாளைக்கு நான்கு சேவல் லிமிட், உங்களுக்கெல்லாம் மூன்று. பொறாமைப்படாமல் தொடரவும் 😄

என் இரண்டு காசு: பாதிப் பேர் தவறவிடுவதற்குக் காரணம் வால். ஃபெசன்ட் சேவலின் நீளத்தில் பாதி வால்தான். எழும்பும்போது கண் மொத்தப் பறவையையும் பார்த்து நடுவைக் குறி வைக்கும், அந்த நடு என்பது பின்பக்கம். போதாததற்கு அது மேலே ஏறிக்கொண்டிருக்கும், சுட்டதெல்லாம் காலுக்குக் கீழே போகும். கழுத்தில் இருக்கிற வெள்ளை வளையத்தை மட்டும் பாருங்கள். அதைப் பார்க்காதவரை எந்த சோக் போட்டும் பிரயோஜனம் இல்லை.

மினசோட்டா_முரளி:

எல்லோருக்கும் நன்றி. அரசு நிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அங்கே ஈயம் கூடாது என்று கேள்வி. ஸ்டீல் என்றால் இதே கணக்கா?

ஹூரான்_அண்ணாச்சி:

கணக்கே வேறு. வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியா என்று பலகை இருந்தால் அது மத்திய அரசு நிலம், ஃபெசன்ட்டுக்கும் ஈயம் கூடாது, நச்சில்லா ரவை மட்டும்தான். சுடுவது இருக்கட்டும், அங்கே பையில் ஈயத் தோட்டா வைத்துக்கொண்டு வேட்டைக்கு நடப்பதே தப்பு. தெற்கு டகோட்டாவின் கேம் புரொடக்‌ஷன் ஏரியா என்ற மாநில வேட்டை நிலங்களிலும் நச்சில்லா ரவைதான். காலையில் பண்ணை, மதியம் அரசு நிலம் என்று போகிறவர்கள் ஜாக்கெட்டின் எல்லாப் பையையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். மூலையில் ஒரு பழைய தோட்டா கிடந்தாலும் வார்டன் (வேட்டைச் சட்ட அதிகாரி) அதைத்தான் பார்ப்பார்.

ஸ்டீல் ஈயத்தைவிட இலேசானது. ஈயத்தின் அடர்த்தி 11-க்குச் சற்று மேல், ஸ்டீல் 8-ஐத் தொடாது. அதனால் இரண்டு நம்பர் பெரிதாகப் போக வேண்டும் என்பது வழக்கமான விதி. ஈயத்தில் 5 என்றால் ஸ்டீலில் 3, ஈயத்தில் 4 என்றால் ஸ்டீலில் 2. சீசன் கடைசிக்கு நான் 2-ஐ எடுப்பேன். அவுன்ஸுக்கு 125 ரவை, 1¼ அவுன்ஸில் 156. ஸ்டீலுக்கு மட்டும் வேகத்தைப் பாருங்கள், 1400-க்குக் குறையாமல் இருக்கட்டும். இலேசான ரவை சீக்கிரம் வேகத்தை இழக்கும், ஆரம்பத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

சோக்கில்தான் பலர் குழம்புகிறார்கள். ஸ்டீல் நசுங்காது, அதனால் இறுக்கமாகவே பறக்கும். மாடிஃபைடு ட்யூபில் ஸ்டீலைப் போட்டால் ஃபுல்லில் ஈயம் போட்டது போல அடிக்கும். இம்ப்ரூவ்டு சிலிண்டர் கிட்டத்தட்ட மாடிஃபைடு ஆகிவிடும். ஃபுல் ட்யூபில் பெரிய ஸ்டீல் ரவையைப் போடவே வேண்டாம், பல ட்யூப்களில் ஸ்டீல் கூடாது என்று பொறித்தே இருக்கும்.

பழைய_இரட்டைக்குழல்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டீலைப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். என்னுடையது சைடு-பை-சைடு (பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல்), குழலோடு சேர்ந்த ஃபுல் சோக். அந்தக் காலத்து மெல்லிய இரும்பில் ஸ்டீல் போட்டால் சோக் இருக்கும் இடத்தில் வளையம் மாதிரி புடைத்துவிடும், குழலையே கெடுத்துவிடும். அரசு நிலத்துக்கு நான் பிஸ்மத் போடுகிறேன். அடர்த்தி ஸ்டீலுக்கும் ஈயத்துக்கும் நடுவில், 9.6 சொச்சம். 4-ஆம் நம்பர் போட்டால் ஈயத்தின் 5-ஐப் போல வேலை செய்யும். விலைதான் அழவைக்கும், ஒரு தோட்டா இரண்டு டாலருக்கு மேல் போகிறது. ஒரு நாளில் சுடுவது நாலைந்து தோட்டா, அதற்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை. பெட்ரோல் செலவைவிடக் குறைவு.

பிஸ்மத் என்றாலும் பழைய துப்பாக்கிக்கு அழுத்தம் குறைந்த தோட்டாவாகப் பார்த்து வாங்க வேண்டும், அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளத்தையும் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளந்து கேட்டுக்கொள்ளுங்கள். சில பழைய இங்கிலிஷ் துப்பாக்கிகளுக்கு 2½ அங்குல அறைதான், 2¾ தோட்டா உள்ளே போய்விடும் என்பதாலேயே அது பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

பம்ப்கன்_பாலா:

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி செல்சியஸில் வெடிமருந்து கொஞ்சம் மந்தமாகத்தான் எரியும், தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி-ஆட்டோ வைத்திருப்பவர்களுக்குத் தடித்த எண்ணெய் பசையாகி போல்ட் பாதியில் நின்றுவிடும். எல்லா எண்ணெயையும் துடைத்துவிட்டு உலர்ந்த மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால் வியர்க்கும், காலையில் வெளியே எடுத்தால் அந்த ஈரம் உறையும். உறையில் வைத்து வண்டியிலேயே பூட்டிவிடுவேன், ஊர்ச் சட்டம் என்ன என்று பார்த்துக்கொண்டு. வழுக்கி விழுந்தால் எழுந்ததும் முதல் வேலை தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. வாயில் பனி அடைத்திருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கும், இதில் ஃபுல்லா மாடிஃபைடா என்ற பஞ்சாயத்து கிடையாது.

மினசோட்டா_முரளி:

சரி, ரவை எப்படிப் பரவுகிறது என்று சனிக்கிழமை காகிதத்தில் சுட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எப்படிச் செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? யூட்யூபில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஹூரான்_அண்ணாச்சி:

நான்கு அடி அகலக் காகிதம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, 40 கெஜம் அளந்து நில்லுங்கள். காலடியால் அளக்க வேண்டாம், டேப் அல்லது ரேஞ்ச்ஃபைண்டர். ரைஃபிள் போலக் குறி பார்த்து இழுக்காதீர்கள், பறவைக்குத் தோளில் வைக்கிற மாதிரி வைத்து உடனே சுடுங்கள். ஒரு காகிதத்துக்கு ஒரு தோட்டாதான். சுட்ட பிறகு துளைகள் அதிகம் இருக்கும் இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள், கறுப்புப் புள்ளியை நடுவாக வைத்து அல்ல. வட்டத்துக்குள் எத்தனை துளை என்று எண்ணி, தோட்டாவில் இருந்த மொத்த ரவையால் வகுங்கள். மொத்தத்துக்கு அட்டவணையை நம்பாமல் அதே பெட்டியிலிருந்து ஒன்றை அறுத்துக் கொட்டி எண்ணிவிடுங்கள். ஒரு காகிதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஒரு சோக்குக்குக் குறைந்தது ஐந்து.

வட்டத்தின் நடுவுக்கும் கறுப்புப் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். சில துப்பாக்கிகள் மேலே அடிக்கும், சில பக்கத்தில் அடிக்கும், இரண்டு குழல் துப்பாக்கியில் இரண்டும் வேறு இடத்தில் அடிப்பதும் உண்டு. சதவீதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வட்டம் எட்டு அங்குலம் தள்ளி இருந்தால் பாதி பயன் போய்விடும்.

மினசோட்டா_முரளி:

சுட்டாயிற்று. தோள் வலிக்கிறது, ஆனால் நல்ல வேலை. நிக்கல் பூச்சு போட்ட 5-ஆம் நம்பர், 1⅜ அவுன்ஸ்.

மாடிஃபைடு ட்யூப் சராசரியாக 70 சதவீதம் வருகிறது! அதாவது எழுதியிருப்பது மாடிஃபைடு, அடிப்பது ஃபுல். ஃபுல் ட்யூபைப் போட்டுப் பார்த்தேன், 72 தான், ஆனால் நடுவில் கொத்தாக விழுந்து ஓரத்தில் கையகல ஓட்டைகள், ஒரு காகிதத்தில் ஒரு சேவலே புகுந்து போகலாம். பழைய பெட்டியில் இருந்த மலிவு 6-ஆம் நம்பரை அதே மாடிஃபைடில் சுட்டால் 54. அண்ணாச்சி சொன்ன நசுங்கல் கதை இதுதான் போல. இம்ப்ரூவ்டு சிலிண்டரில் நிக்கல் தோட்டா 58 வந்தது, அதுவே கிட்டத்தட்ட மாடிஃபைடு கணக்கு. கீழ்க்குழல் சரியாக நடுவில் அடிக்கிறது, மேல்குழல் மூன்று அங்குலம் மேலே. எழும்புகிற பறவைக்கு அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டீல் 2-ஆம் நம்பரை இம்ப்ரூவ்டு சிலிண்டரில் சுட்டேன், 66.

ஹூரான்_அண்ணாச்சி:

பிறகென்ன, ஃபுல் ட்யூபைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பண்ணையில் கீழே இம்ப்ரூவ்டு சிலிண்டர், மேலே மாடிஃபைடு, நிக்கல் 5. அக்டோபரில் வைத்திருந்த அதே சோக், தோட்டா மட்டும் வேறு. பறவை தூரத்தில் எழும்புகிற நாளில் செலக்டரை (எந்தக் குழல் முதலில் என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான்) தள்ளி மேல்குழலை முதலில் சுடுங்கள், ஓவர்-அண்டர் வாங்கியதற்கு அதுதான் பலன். அரசு நிலத்தில் இரண்டிலும் ஸ்டீல் 2. நடுநடுவே ட்யூப் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள், சுடச்சுட அது கழன்று வரும்.

மற்றபடி வண்டியைப் புதரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள், கதவை அறையாதீர்கள், நாயைப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். காற்றுக்கு எதிராக நடங்கள். நான்கு பேர் இருக்கிறீர்கள், இரண்டு பேர் முன்கூட்டியே சத்தமில்லாமல் சுற்றிப் போய் மறுமுனையில் நிற்கட்டும். எல்லோரும் ஆரஞ்சு போட்டுக்கொண்டு, யார் எங்கே என்று தெரிந்துகொண்டு, தாழ்வாகப் பறக்கிற எதையும் சுடாமல். காலை பத்து மணிக்கு முன்னால் சுடக் கூடாது என்பது நினைவிருக்கட்டும், தெற்கு டகோட்டாவில் நேரம் அப்படித்தான்.

பம்ப்கன்_பாலா:

முரளியின் ஃபுல் ட்யூபுக்கு அந்தத் தோட்டா பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் பம்ப்பில் 4-ஆம் நம்பர் ஃபுல்லில் ஓட்டையே இல்லாமல் விழுகிறது, காகிதம் கராஜில் மாட்டி வைத்திருக்கிறேன். நான் மாற்றப் போவதில்லை.

சிவகாமி_கே:

மாற்ற வேண்டாம் அண்ணா, காகிதத்தில் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள். பார்க்காமலே சொல்கிறவர்களிடம்தான் சண்டை.

முரளி, ஸ்டீலில் அடித்த பறவையைச் சமைக்கும் முன் ஒரு சின்னக் காந்தத்தை நெஞ்சுக்கறி மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், ரவை இருக்கும் இடத்தில் இழுக்கும். ஸ்டீல் பல்லை உடைக்கும். ரவை போன வழியில் இறகும் உள்ளே போய்ச் சுருண்டிருக்கும், கத்தி முனையால் எடுத்துவிடுங்கள். காலில் கம்பி மாதிரி நரம்பு ஓடும், அதனால் காலைத் தனியாக எடுத்து மிளகு, சின்ன வெங்காயம் போட்டுக் குழம்பாக நிறைய நேரம் கொதிக்க விட வேண்டும். நெஞ்சுக்கறியை அப்படிக் கொதிக்க விட்டால் சக்கைதான்.

வேளச்சேரி_டு_விச்சிட்டா:

வீட்டுக்குக் கொண்டுவரும்வரை தலையையோ இறகு முழுதாக உள்ள ஒரு சிறகையோ பாதத்தையோ பறவையோடு விட்டுவைக்க வேண்டும், சேவல்தான் என்று காட்ட. எல்லாவற்றையும் வழியிலேயே சுத்தம் செய்து பாக்கெட் போட்டுவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் அந்த மலிவு 6-ஆம் நம்பரை என்ன செய்யப் போகிறீர்கள் முரளி?

மினசோட்டா_முரளி:

கோடையில் பயிற்சிக்குக் களிமண் தட்டு சுட, ரேஞ்சில் 6-ஆம் நம்பரை அனுமதித்தால். இல்லையென்றால் உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள்தான் நான்கு சேவல் லிமிட்காரர்.